மெனுவில் பிடிவாதம் பிடித்த 'விரிதாள்'

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் அப்பா பயன்படுத்தும் கணினி 2010-இல் வாங்கியது. கோர் 2 டுவோ செயலி. நடுவில் நான் கூட்டிக் கொடுத்ததையும் சேர்த்து 4 ஜிபி ராம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திய பிறகும் அதையே மூன்று ஆண்டுகள் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, 2023 ஜூனில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்ததும் அதை, மெனுவையும் திரையையும் காட்டும் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தோடு நிறுவி, மொழியையும் தமிழாக அமைத்துக் கொடுத்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பினேன். கணினி நன்றாகத்தான் ஓடியது. தெருவாசிகள் சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் அப்பா எழுத வேண்டிய வரவு செலவுக் கணக்குக்கு அது போதும். தொல்லை கொடுத்தது மெனு மட்டுமே.

ஒரு நாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். "ஏம்பா, மெனுவுல விரித்தாள்னு ஒண்ணு இருக்கே, யாரு விரிச்சா, எதை விரிச்சா?" என்றார். அது 'விரித்தாள்' அல்ல, 'விரிதாள்', கணக்கு எழுதும் லிப்ரேஆபீஸ் கால்க்தான் அது என்று விளக்கினேன். "அது எதுவா வேணா இருக்கட்டும், கணக்கு நோட்டுன்னு மாத்திக் குடு" என்றார். ஐந்து நிமிட வேலை என்று எண்ணித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறினேன். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அதே பேருந்தில் போக வேண்டியதாயிற்று.

லினக்ஸ் மெனுவில் நாம் காணும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சிறிய உரைக் கோப்பு இருக்கிறது. அதன் பெயர் '.டெஸ்க்டாப்' என்று முடியும். நிரலின் பெயர் ஒரு வரி, அதைத் தொடங்குவதற்கான கட்டளை ஒரு வரி, சின்னம் ஒரு வரி, மெனுவின் எந்தப் பிரிவில் வர வேண்டும் என்பது ஒரு வரி, பெரும்பாலும் அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டில் ஹேவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் வழியாக வகுக்கப்பட்ட இந்தப் பொது வடிவத்தையே க்னோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஇ ஆகிய எல்லா மேசைத்தளங்களும் படிக்கின்றன என்பதால், ஒன்றில் கற்றுக்கொண்டது மற்றொன்றிலும் பயன்படும்.

இந்தக் கோப்புகள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். கணினிக்குப் பொதுவானவை 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். பயனருக்கே உரியவை அவருடைய இல்லக் கோப்புறையில், புள்ளியில் தொடங்குவதால் கண்ணுக்கு மறைந்திருக்கும் '.லோக்கல்' என்பதற்குள், மறுபடியும் 'ஷேர்', 'அப்ளிகேஷன்ஸ்' என்று இருக்கும். (கோப்பு மேலாளரில் கன்ட்ரோலோடு ஹெச் பொத்தானை அழுத்தினால் மறைந்தவை தெரியும்.) ஃப்ளாட்பேக் என்ற தனி நிறுவல் முறை வழியாக நிறுவிய நிரல்களுக்கு மூன்றாவதாக வேறோர் இடம் உண்டு. ஒரே பெயருள்ள கோப்பு பொது இடத்திலும் பயனர் இடத்திலும் இருந்தால், மெனு பயனருடையதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆகவே பொதுக் கோப்பில் கை வைக்கக் கூடாது. அடுத்த புதுப்பிப்பின்போது அது மேலெழுதப்பட்டு நம் உழைப்பு காணாமல் போகும். அதைப் பயனர் கோப்புறைக்கு நகலெடுத்து அங்கே திருத்துவதே முறை.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். கால்க்கின் கோப்பை முறைப்படி நகலெடுத்து, பெயர் வரியில் 'கணக்கு நோட்டு' என்று எழுதிச் சேமித்தேன். மெனுவில் 'விரிதாள்' அப்படியே இருந்தது. வெளியேறி மறுபடி உள்நுழைந்தேன், விரிதாள். கணினியை அணைத்துப் போட்டேன், அப்போதும் விரிதாள்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிடக் கடினமாக இருந்தது.

தவறு என்னுடையதுதான். எக்ஸ்எஃப்சிஇ மெனுவின் பண்புகளில், நிரல்களின் பொதுப்பெயரைக் காட்டு என்றொரு தேர்வு உண்டு. லிப்ரேஆபீஸ், துனார் என்றெல்லாம் இருந்தால் அப்பாவுக்குப் புரியாது, 'கோப்பு மேலாளர்' என்பது போல இருந்தால் புரியும் என்று நினைத்து, நிறுவிய அன்றே நான்தான் அதில் டிக் இட்டிருந்தேன். பிறகு அதைச் சுத்தமாக மறந்துபோனேன். ஆக, நான் பெயர் வரியை மாற்றிக்கொண்டிருக்க, மெனு பொதுப்பெயர் வரியைப் படித்துக்கொண்டிருந்தது.

சரி என்று பொதுப்பெயர் வரியை மாற்றினேன். அதற்கும் அசையவில்லை. இரண்டாவது பூட்டு ஒன்று இருந்தது, அது தமிழ்ப் பூட்டு. அந்தக் கோப்பில் பொதுப்பெயர் ஒரே ஒரு வரியில் இல்லை. மொழி குறிக்காத ஒரு வரியைத் தொடர்ந்து, சதுர அடைப்புக்குள் மொழிக் குறியீடு இட்டுப் பல மொழிகளுக்கான வரிகள் நீண்டு கிடக்கின்றன. கணினியின் மொழி எதுவோ அந்த மொழிக்கான வரி இருந்தால், மொழி குறிக்காத வரியை மெனு கண்டுகொள்வதே இல்லை. கணினி தமிழில் இருந்தது. நான் மாற்றியதோ மொழி குறிக்காத வரியை. கீழே போய், தமிழுக்குரிய டி, ஏ என்ற இரண்டு எழுத்துகள் அடைப்புக்குள் இருந்த வரியைத் தேடிப் பிடித்து மாற்றியதும், அடுத்த முறை மெனுவைத் திறந்தபோது 'கணக்கு நோட்டு' வந்து நின்றது. கணினியை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு பெரும்பாலும் வராது என்பதால், தேடிப் படித்த குறிப்புகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. தமிழில் கணினி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த அடைப்புக்குறி வரியைத்தான்.

அடுத்த ஞாயிறு, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைனுக்குப் போயிற்று. சங்கத்தின் பழைய சுற்றறிக்கைகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை; அவற்றைத் திறப்பதற்காக ஒரு விண்டோஸ் தட்டச்சு நிரலை வைன் வழியாக நிறுவியிருந்தேன். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி முடித்தபின் வைனை நீக்கிவிட்டேன். நிரல் போய்விட்டது. மெனுவில் வைன் என்ற பிரிவும், அதற்குள் அந்த நிரலின் பெயரும் போகவில்லை. சொடுக்கினால் சுட்டி ஒரு கணம் சுழலும், பிறகு ஒன்றும் நடக்காது.

தொகுப்புகளை நீக்கும் கருவி பொது இடங்களைத்தான் துப்புரவு செய்யும். பயனரின் இல்லக் கோப்புறையைத் தொடாது. அது சரியான கொள்கைதான், நம் ஆவணங்கள் இருக்கும் இடம் அது. ஆனால் வைன் தன் மெனுப் பெயர்களை எழுதி வைப்பதும் அதே இல்லக் கோப்புறையில்தான். சொடுக்கியும் பிழைச்செய்தி வராததற்கு அந்தக் கோப்பின் கட்டளை வரியே விடை சொல்லிற்று. வரியின் முதல் சொல் 'வைன்' அல்ல, 'என்வ்'. அது சூழல் மாறிகளை அமைத்துவிட்டு வேறொரு நிரலை அழைக்கும் சிறு கருவி. எல்லா லினக்ஸிலும் உண்டு. அந்த முதல் சொல்லுக்கு உரியவர் வீட்டில் இருக்கிறார். அவர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவர்தான் இல்லை. அதே வரியை, கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் சாளரமான டெர்மினலில் ஒட்டி ஓட்டிய உடனே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற செய்தி வந்தது. மெனு வாய் திறக்காத போதெல்லாம் டெர்மினலில் ஓட்டிப் பார்ப்பதைப் போல விரைவான சோதனை வேறில்லை.

துப்புரவுக்கு நான்கு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. பயனரின் அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்குள் 'வைன்' என்ற உட்கோப்புறை, அதற்கு வெளியே, 'வைன்-எக்ஸ்டென்ஷன்' என்று தொடங்கும் ஒரு கூட்டம் கோப்புகள், பிரிவின் பெயரைத் தாங்கும் 'டெஸ்க்டாப்-டைரக்டரீஸ்' கோப்புறை, கடைசியாக '.கான்ஃபிக்' என்பதற்குள் 'மெனுஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்டு'. இரண்டாவதாகச் சொன்ன கூட்டத்தை விட்டுவிட்டால் மெனு சுத்தமாகத் தெரியும், ஆனால் சாதாரண உரைக் கோப்பை இருமுறை சொடுக்கினால் அது இல்லாத வைன் நோட்பேடைத் தேடிப் போகும். அப்பாவின் கணினியில் நடந்ததும் அதுவே. அவற்றை அழித்தபின் 'அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்' கட்டளையைப் பயனர் கோப்புறையின் மீது ஒரு முறை ஓட்டி, எந்தக் கோப்பை எந்த நிரல் திறக்கும் என்ற பட்டியலைப் புதுப்பித்தேன்.

சின்னங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொது இடத்தில் சின்னங்களுக்கான 'ஹைகலர்' கோப்புறைக்குள் புதிய படத்தைப் போட்டும் மெனு பழைய சின்னத்தையே காட்டினால், சின்னங்களின் தற்காலிகச் சேமிப்பு பழையது என்று பொருள். உள்ளே எத்தனை படம் வந்தாலும் அது மேற்கோப்புறையின் தேதியை மட்டுமே பார்க்கும். 'ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ்' கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

மூன்றாம் ஞாயிற்றின் வேலை அப்பா தாமே தேடிக்கொண்டது. திரையில் ஒரு சின்னத்தைச் சொடுக்கினால் சங்கத்தின் கணக்கேடே நேராகத் திறக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அதுவும் ஒரு '.டெஸ்க்டாப்' கோப்புதான், செய்து கொடுத்துவிட்டு வந்தேன். மறு வாரமே அது இரண்டு பிழைச்செய்திகளைக் காட்டத் தொடங்கியது. 'சங்கக்' என்ற கோப்பு இல்லை என்றது ஒன்று. 'கணக்கு' என்று தொடங்கும் முகவரி இல்லை என்றது மற்றொன்று. நடந்தது இதுதான்: 'சங்கக்கணக்கு' என்று நான் ஒரே சொல்லாக வைத்திருந்த கோப்புறையின் பெயரை அப்பா 'சங்கக் கணக்கு' என்று பிரித்து மாற்றியிருந்தார். "சேர்த்து எழுதினா படிக்கக் கஷ்டமா இருக்கு" என்றார். குறுக்குவழியிலும் அதே போலத் திருத்திவிட்டால் போதும் என்று தாமே கோப்பைத் திறந்து இடைவெளியையும் விட்டிருந்தார். எழுபத்தொரு வயதில் அவர் அந்தக் கோப்பைத் திறந்து சரியான வரியைக் கண்டுபிடித்ததே எனக்கு வியப்பு. கட்டளை வரியில் இடைவெளி வந்தால் அது வேறொரு கோப்பின் தொடக்கமாகவே கொள்ளப்படும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. முகவரி முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டதும் கணக்கேடு திறந்தது. டெர்மினலில் இல்லக் கோப்புறையைக் குறிக்கும் ~ குறி இந்த வரியில் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகவரியை முழுதாகத்தான் எழுத வேண்டும்.

நகலெடுத்துத் திருத்தும் முறைக்கு ஒரு குறை உண்டு. நாளை லிப்ரேஆபீஸின் புதிய பதிப்பில் கட்டளை வரி மாறினால், பொதுக் கோப்பு மாறும், அப்பாவின் நகல் பழையதாகவே நிற்கும். கணக்கு நோட்டு அன்று திறக்காமல் போகலாம். அதனால் நான் நகலெடுத்த கோப்புகளின் பெயரையும் தேதியையும் அப்பாவின் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில், யுபிஎஸ் பேட்டரி மாற்றிய தேதிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது அந்தப் பட்டியலில் அப்பாவின் கையெழுத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்திருந்தது. பயர்பாக்ஸ் இப்போது மெனுவில் 'தினசரி பேப்பர்' என்று இருக்கிறது.