பெருங்காய டப்பாவில் ஒளிந்திருக்கும் கோதுமை

சீலியாக், அதாவது கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய், என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் சப்பாத்தி நின்றுவிடும். பிரெட், பிஸ்கட், பரோட்டாவும் போய்விடும். "நாமதான் சோறு சாப்பிடறவங்களாச்சே, சமாளிச்சிடலாம்" என்று ஒரு தைரியமும் வரும். ஆறு மாதம் கழித்து ரத்தத்தில் டிடிஜி (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள்) அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லையா? அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் காரமும் நாற்றமும் தாங்க முடியாது என்பதால் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா. தூள்தான் கலப்படம், கட்டி என்றால் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு, கட்டியிலும் மாவு இருக்கும்.

கணக்கு போட்டால் புரியும். ஒரு கிராம் மைதாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன். சீலியாக் உள்ள பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை குடல் தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தினமும் 50 போனால் சில மாதங்களில் சேதம் தெரியும். கால் டீஸ்பூன் பெருங்காயத் தூள் முக்கால் கிராம் வரும். அதில் மாவு 30 சதவீதம் என்று வைத்தால், ஒரு பானை சாம்பாரில் 18 மில்லிகிராம் குளூட்டன். நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு நாலரை. இதோடு முடிந்தால் பரவாயில்லை. ரசத்தில், மோரில், ஊறுகாயில், இட்லிப் பொடியில், வெண்பொங்கலில், தட்டையில் எல்லாம் அதே டப்பா. ராத்திரிக்குள் பத்தைத் தாண்டிவிடும், ஒரு துண்டு சப்பாத்திகூட வாயில் வைக்காமலே.

மாற்று இருக்கிறது. அரிசி மாவு சேர்த்த கூட்டுப் பெருங்காயம் கிடைக்கிறது, 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். இந்திய விதிப்படி அந்த வார்த்தைக்கு அர்த்தம், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லை என்பது. மாவு சேராத பால் பெருங்காயம் கிடைத்தால் கடுகளவு போதும், வழக்கம்போல் அள்ளிப் போட்டால் சாம்பார் கசக்கும். இரண்டும் இல்லையென்றால் பூண்டைத் தட்டிப் போடுங்கள். பெருங்காயம் இல்லாமலும் ரசம் ரசம்தான்.

அடுத்தது மாவு மில். தெருமுனை மில்லில் ராகி அரைக்கக் கொடுக்கிறோம். நமக்கு முன்னால் யாரோ பத்து கிலோ கோதுமை அரைத்திருப்பார். கல்லிலும் துணிப்பையிலும் தங்கிய மாவு நம் ராகியில் கலந்து வரும். முதலில் கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டச் சொன்னால் குறையுமே தவிர ஒழியாது. கோதுமையே அரைக்காத மில் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, அரிசியையும் ராகியையும் பொறுக்கி, கழுவி, காயவைத்து மிக்ஸியில் அரைப்பதே மேல். சல்லடை தனியாக வேண்டும், அதன் கண்ணில் ஒட்டிய ஆட்டா கழுவினாலும் லேசில் போகாது.

பெயர்களும் ஏமாற்றும். சம்பா ரவை என்றதும் சம்பா அரிசி ஞாபகம் வரும், அது கோதுமை. பல ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் பாக்கெட்டுகளில், சேர்மானப் பட்டியலில் முதலிலோ இரண்டாவதாகவோ மைதா இருக்கும். 'மைதா இல்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் முழுக் கோதுமை என்று அர்த்தம். சத்துமாவில் வறுத்த கோதுமையும் பார்லியும் போடுவது வழக்கம். கால் வீக்கத்துக்கென்று பாட்டி காய்ச்சித் தரும் பார்லித் தண்ணீரும் ஆகாது. ஹார்லிக்ஸ் போன்ற பானங்களிலும் பல கார்ன்ஃப்ளேக்ஸிலும் இருக்கும் மால்ட், பார்லியிலிருந்து வருவது. பெங்களூரில் எங்கும் கிடைக்கும் ராகி மால்ட்டுக்குப் பெயர்தான் பயமுறுத்தும். வெறும் ராகிக் கஞ்சி என்றால் குடிக்கலாம், பாக்கெட் பொடியாக இருந்தால் படித்துவிட்டு.

லேபிளில் ஒவ்வாமைப் பொருள்கள் வரியைத் தேடுங்கள். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி கோதுமை, பார்லி, ரை என்ற தானியம், ஓட்ஸ் இருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும். தள்ளுவண்டி முறுக்குக்கும் பேக்கரி மிக்ஸருக்கும் அந்த வரி கிடையாது.

வெளியே சாப்பிடுவதுதான் சங்கடம். பெங்களூரில் தர்ஷினி எனப்படும் நின்று சாப்பிடும் சிற்றுண்டிக் கடைகளில் காராபாத், கேசரிபாத், ரெண்டும் சேர்ந்த சௌசௌபாத், மூன்றும் ரவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி கிடைக்காதபோது எம்.டி.ஆர். ஹோட்டல் ஆரம்பித்து வைத்த ரவா இட்லி இந்த ஊரின் பெருமை, நமக்கு ஆகாது. மத்தூர் வடை, கோபி மஞ்சூரியன் இரண்டிலும் மைதா. மஞ்சூரியனின் சோயா சாஸிலும் கோதுமை. சாதா தோசை அரிசிதானே என்றால், முறுகலுக்காகச் சிலர் மாவில் ஒரு பிடி ரவை கலப்பதுண்டு. கலக்காவிட்டாலும், அதே கல்லில் ரவா தோசை ஊற்றி, தண்ணீர் தெளித்து, அதே விளக்குமாறால் தேய்த்துவிட்டு நம் தோசையை ஊற்றுவார்கள். சூட்டில் குளூட்டன் அழியாது. மைதாவில் செய்யும் கோளி பஜ்ஜி பொரித்த எண்ணெயில் உளுந்து வடையும் அப்படித்தான்.

ஆவியில் வெந்த அரிசி இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர், வாழைப்பழம் ஓரளவு நம்பிக்கை. சட்னித் தாளிப்பில் பெருங்காயம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். "இதரல்லி கோதி, மைதா, ரவெ இதெயா? இங்கு ஹாக்கிதீரா?" (இதில் கோதுமை, மைதா, ரவை இருக்கா? பெருங்காயம் போட்டிருக்கீங்களா?) என்று கேட்டால் போதும். கன்னடத்தில் பெருங்காயம் 'இங்கு'. தமிழ்க் காதில் முதலில் குழம்பும்.

வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி உண்டென்றால் தோசைக்கல், பலகை, ஜல்லிக்கரண்டி தனி. ஆட்டா பிசையும் நேரத்தில் இந்தச் சாப்பாடு மூடியிருக்கட்டும். ஊறுகாய் ஜாடியிலும் நெய்ச் சம்புடத்திலும் சப்பாத்தி தொட்ட கரண்டி போகக் கூடாது.

ரத்த உறவுகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அண்ணன், தங்கைக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். ரத்தம் கொடுத்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியும் முடியும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது. முன்பே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் டெஸ்டில் இல்லை என்று வந்துவிடும்.