பூட்டனார் ரிவால்வரும் அதன் காகிதங்களும்

எங்கள் பூட்டனார் பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டியில் அரிசி ஏற்றியவர். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்த ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், .32 அங்குலக் குழல், நிக்கல் பூச்சு, முத்துச்சிப்பிப் பிடி, உடம்பெல்லாம் கொடி வேலைப்பாடு. பிடியின் பின்பக்கப் பட்டையில் பூட்டனார் பெயரும் நன்றி வாசகமும் வெட்டியிருக்கும்.

அப்பாவுக்கு எழுபது தாண்டியதும், "நான் இருக்கறப்பவே உன் பேருக்கு மாத்திக்க கண்ணு" என்றார்.

"நூறு வருசத்துப் பழசுக்கு லைசென்ஸ் எதுக்குங்க?" என்று பலர் கேட்டார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு இருப்பது நிஜம். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அது பொருந்தும். எங்களுடையது இன்றும் வேலை செய்யும். விலக்குக்காக அதன் உள்ளுறுப்பை அறுத்துப் போட எனக்கு மனம் வராது. 2016 ஆயுத விதிகளில் நல்ல வழி இருக்கிறது: உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் காட்டும் வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம்.

ஆன்லைனில் விண்ணப்பம், அக்காவின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை. எல்லாம் வரிசையாக நடந்தது. நடுவில் தேர்தல் வந்ததால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம், கோப்பும் கொஞ்ச காலம் அசையவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் அதன் வரலாற்றைத் தோண்டினேன். முதலில் எண். பிடியின் அடியிலும், தோட்டா போடும் உருளையின் பின்முகத்திலும், குழலின் தாழ்ப்பாளுக்குள்ளும் ஒரே எண் இருந்தது. அப்படியென்றால் இந்த மூன்று பாகங்களும் மாறவில்லை. அந்த எண்ணையும் படங்களையும் அமெரிக்காவிலுள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்குக் கட்டணத்தோடு அனுப்பினேன். அவர்கள் பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். பொருளையே அனுப்ப வேண்டியதில்லை, அனுப்பவும் கூடாது. நூறு வயது கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் விடாது.

கடிதம் வந்தது. முதல் உலகப் போருக்கு முன் லண்டன் வியாபாரி ஒருவருக்குப் போனது, நிக்கல் பூச்சு, முத்துச்சிப்பிப் பிடி, வேலைப்பாடு தொழிற்சாலையிலேயே செய்தது. பூட்டனார் பெயர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்: கொடிகளின் பள்ளத்துக்குள் நிக்கல் ஓடியிருக்கிறது, அதாவது வெட்டிய பிறகு பூசியது. எழுத்துகளின் பள்ளத்தில் நிக்கல் இல்லை, இரும்பு கறுத்துக் கிடக்கிறது. பூசிய பிறகு யாரோ வெட்டிய எழுத்து அது.

விலை உயர்த்த நேற்று வெட்டிய எழுத்தையும் பரிசாகக் கொடுத்தபோது வெட்டியது என்று சொல்லி விற்பார்கள். அதனால் பெயர் இருக்கிறது என்பதை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. சான்று எங்கள் தகரப்பெட்டியில் கிடந்தது. 1878 ஆயுதச் சட்டப்படி பூட்டனாருக்குக் கொடுத்த உரிமத்தில் அதே எண்ணும், தோட்டத்து மேலாளரிடமிருந்து வந்தது என்ற குறிப்பும் இருந்தன. அதன் பின் அப்பாரு (தாத்தா) உரிமம், அப்பா உரிமம், தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் வாங்கிய ஒப்புகைச் சீட்டுகள். அப்பா ஒன்றைக்கூட எறியவில்லை. ஒரு பொருள் யார் யார் கையில் இருந்தது என்று சேகரிப்பாளர்கள் காசு கொடுத்துத் தேடும் தொடர்ச்சி அந்தச் சீட்டுகளில் இருக்கிறது. என்னைக் கேட்டால் முத்துச்சிப்பிப் பிடியைவிட அவை மதிப்பானவை.

உரிமம் என் பெயருக்கு வந்துவிட்டது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நிக்கலை விபூதியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தின் விளிம்பு மழுங்கினால் அதன் வயதைச் சொல்ல முடியாது. பழைய உரிமத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில் வைத்து, ஸ்கேன் செய்த பிரதியை மட்டும் ஆபீசுக்கு எடுத்துப் போங்கள்.