தேர் நிலைக்கு வந்த காலை

நாங்குநேரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபோது திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். ஒருநாள் முதல் மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் போய் இறங்கினேன். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தபடி, "என்ன ஐயா, தேர் நிலைக்கு வந்துவிட்டதோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதியும் சுற்றி நிலைக்கு வருவதற்குள் வடம் பிடித்தவர்களின் உள்ளங்கை படும் பாடு எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். "தாமதமாக வருகிறீர்" என்று நேராகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். டயர் பஞ்சர் என்று காரணமும் கையில் இருந்தது. தேருக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

எரிச்சலோடு ஒன்பதாம் வகுப்புக்குள் போனேன். அன்றைய பாடம் அணியிலக்கணம். நடந்ததைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. "இது என்ன அணி?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதுதான் எனக்கு எப்போதும் விளங்காதது. பொருள் பிடிபட்டதால்தான் சிரித்தார்கள். பெயரைக் கேட்டால் பயப்படுகிறார்கள். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்றால் 'போல' இருக்கிறது, உவமை என்று கையைத் தூக்கிவிடுவார்கள். 'போல' இல்லாத இடத்தில்தான் தடுமாற்றம். குற்றாலக் குறவஞ்சியில் அருவித் திரை வானம்வரை எழும்பி, "செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்" என்று வருகிறதே, அதை உயர்வு நவிற்சி என்று நடத்தினால், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், "சாரல் காலத்தில் வழுக்கத்தானே செய்யும்?" என்பான். அவனுக்கு அதில் மிகை எதுவும் தெரியவில்லை.

கரும்பலகையில் எழுதினேன்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகுதான், ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். குறள் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறது. பகைவர் ஒவ்வொருவரும் எளியவர்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்று சேரும்போது வலியவனும் அழிவான் என்ற பொருளை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இந்த வண்டிக்கு வலியறிதல் அதிகாரத்தில் என்ன வேலை? உவமையை மட்டும் சொல்லிப் பொருளை மறைத்துவிடுவதால் இது பிறிது மொழிதல். இதை 'ஒட்டு' என்பாரும் உண்டு என்கிறார் பரிமேலழகர். தலைமையாசிரியர் என்மேல் ஒட்டியதும் இதைத்தான். பழமொழிகளில் பாதி இந்த வகை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது முணுமுணுத்தால், அங்கே ஆட்டமும் இருக்காது, கூடமும் இருக்காது.

மாதத் தேர்வில் இதையே கேட்டேன். அணி விளக்கம், சான்று, பொருத்தம் என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். பொருத்தத்தை எல்லோரும் கைடில் உள்ளபடி ஒப்பித்திருந்தார்கள். ஒருவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: "வைக்கோல் கனமே இல்லை. ஒரு கட்டு என்றால் தங்கச்சியே தூக்கிவிடுவாள். ஆனால் டிராக்டரில் படப்பு மாதிரி ஏற்றினால் அச்சு ஒடிந்துவிடும்." சிவப்பு மையில் "மயிற்பீலி எங்கே?" என்று எழுதி இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன்.

விடைத்தாளோடு மேசைக்கு வந்தான். "பீலி வண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா ஐயா?"

இல்லை என்றேன்.

"பிசானம் அறுப்பில் எங்கள் வைக்கோல் வண்டி அச்சு ஒடிந்தது. வாய்க்கால் பாலத்தில். நான் மேலே உட்கார்ந்திருந்தேன்."

முழங்கையில் இருந்த தழும்பையும் காட்டினான். கனம் இல்லாத ஒன்று பலவாகச் சேர்ந்தால் கனக்கும் என்பதுதானே குறள். அது அவன் விடையில் முழுசாக இருந்தது. பகைவர்களைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தான், அதற்கு வேண்டுமானால் அரை மதிப்பெண் குறைக்கலாம். நான் குறைத்ததோ பீலிக்காக.

சிவப்பு வரியை அடித்துவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். அடுத்த வருடம் பொதுத்தேர்வில் மட்டும் முதலில் பீலியை எழுதிவிட்டு அதற்குக் கீழே வைக்கோலை எழுது என்று சொல்லி அனுப்பினேன். திருத்துகிறவர் எந்த ஊர்க்காரரோ.