ஆணிப் பலகை

எங்கள் வீட்டு ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணிப் பலகை இருக்கிறது. வீட்டு புரோக்கரான என்னிடம் விற்கக் கொடுத்த வீடுகளின் சாவிகளை அதில்தான் மாட்டுவேன். வியாபாரம் ஓடுகிற காலத்தில் ஐந்தாறு சாவிக்கு மேல் அதில் தங்கியதில்லை. 2017 ஆடியில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: 31. சூரமங்கலம், கன்னங்குறிச்சி, கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டை என்று சேலத்தின் எல்லாத் திசையிலும் பூட்டிய வீடுகள். மழை பிடித்தால் சாவி துருவேறும் என்று தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பேன். "நம்ம பீரோ சாவி தொலைஞ்சு ஆறு மாசமாச்சு, அதைத் தேட நேரமில்லை" என்பாள் மனைவி.

ஆடியில் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியட்டும், ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். புரோக்கர்களுக்கு அது பழகிய கணக்கு. ஆனியிலேயே நாலு காசு எடுத்து வைத்துவிடுவோம். ஆனால் 2016-இன் கடைசியில் பிடித்தது பன்னிரண்டு மாசமும் ஆடியாகவே இருந்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று செப்டம்பரில் உயர்நீதிமன்றம் சொன்னது. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. மனை பக்கமும் அடைபட்டது, பணத்தின் பக்கமும் அடைபட்டது. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்றுதான் எங்கள் தொழிலே ஓடிக்கொண்டிருந்தது. தெரியாதவர் யாருமில்லை. கையில் கொடுக்கிற தொகை நின்றதும் பேச்சும் நின்றுவிட்டது.

வயலில் கல் நட்டுப் பிரித்த மனைகளை 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி நானும் விற்றிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் மரியாதை என்று வாங்கியவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிந்த மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று 2017 மே மாதம் விதி வந்தபோது, பத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கட்டணம் கட்ட, வரைபடம் கொடுக்க என்று அவர்களோடு அலைந்தேன். காசு வாங்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

ஜூனில், பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கிற வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். இனிமேல் சூடு பிடிக்கும் என்று பத்திர எழுத்தர் கடையில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சதுர அடிக்கு 1,000 ரூபாய் மதிப்புள்ள 1,200 சதுர அடி மனைக்கு முன்பு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 8 சதவீதம், அதாவது 96,000 ரூபாய். ஜூனுக்குப் பிறகு மதிப்பு குறைந்தது, ஆனால் பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 சதவீதமாக ஏறியதால் மொத்தம் 11 சதவீதம், 88,440 ரூபாய். 12 லட்சம் மனையில் மிச்சம் 7,560. டீ குடித்ததோடு சரி.

அந்த நாட்களில் விலை இறங்கியதா என்று இப்போதும் கேட்கிறார்கள். இறங்கவில்லை. வியாபாரம் நடக்கவில்லை, அவ்வளவுதான். விற்பவர் விலையை விட மாட்டார், வாங்குபவர் அந்த விலைக்கு வர மாட்டார், நடுவில் நான் டி.வி.எஸ். ஐம்பதில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பேன். விற்பவர்களுக்கு ஆசை அதிகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மாபேட்டை வீட்டு அம்மாவிடம் பழகிய பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

அது நெசவாளர் வீடு. வீட்டுக்காரர் தவறிப்போய் நாலைந்து வருஷம். முன்கூடத்தில் தறிக்குழி இருந்த இடத்தைச் செங்கல் போட்டு மூடிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுற்றியுள்ள தரை சிவப்பு, அந்த நீள்சதுரம் மட்டும் சாம்பல் நிறம். வருகிற பார்ட்டியெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், செருப்புக் காலால் தட்டியும் பார்ப்பார்கள். அம்மா ஓசூரில் மகன் வீட்டுக்குக் கிளம்பியபோது, "அடையாளத்துக்கு இருக்கட்டும் கண்ணு" என்று வாடாமல்லி நிறப் பட்டுநூலைச் சாவி வளையத்தில் முடிந்து என்னிடம் கொடுத்தார்.

அவர் சொன்ன விலை 60 லட்சம். எனக்கு வந்த பார்ட்டி 42-க்கு மேல் பேசவில்லை. எதிர்வீடு 2014-இல் 58-க்குப் போனதாம். அது கார்னர், 300 சதுர அடி கூடுதல் என்றேன். "எதிர்வீட்டைவிட நம்ம வீடு மட்டமா கண்ணு?" என்று கேட்டார். ஒன்றரை வருஷம் இதே பேச்சு. ஒரு நாள் சலித்துப்போய், "சரிங்கம்மா, 60 வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது. பெரியவனுக்கு 20, சின்னவனுக்கு 20, பொண்ணுக்கு 20. மூன்று பேரிடமும் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. 42 என்றால் தலைக்கு 14. யாரிடம் போய் ஆறு லட்சம் குறையும் என்று சொல்வது?

சதுர அடியை ரேட்டால் பெருக்கி வந்த விலையல்ல அது. பிள்ளைகளுக்குச் சொன்ன வாக்கைக் கூட்டி வந்த விலை. அப்புறம் மற்ற சாவிக்காரர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு வட்டிக் கடன், ஒருவருக்கு மகள் கல்யாணம். தொகையைச் சொன்னபோது, அவர்கள் கேட்ட விலை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரிந்தது. மார்க்கெட் நிலவரம் பேசுவதை அன்றோடு குறைத்துக்கொண்டேன்.

"அந்த வீடு உங்க வீட்டுக்காரர் பேர்ல இருந்தது. உங்களுக்கும் சேர்த்து நாலு பங்கும்மா" என்று ஒருமுறை சொன்னேன். "எனக்கு எதுக்கு கண்ணு" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

நடந்த ஒரே பெரிய அக்ரிமென்ட்டும் கெட்டுப்போனது. அழகாபுரத்தில் ஒரு மாடி வீடு. வாங்குபவர் கொலுசுப் பட்டறைக்காரர். ஐந்து லட்சம் அட்வான்ஸ், மூன்று மாசக் கெடு. வீராணத்தில் இருந்த தன் மனையை விற்று மீதியைக் கட்டுவதாக ஏற்பாடு. அந்த மனை போகவில்லை. வங்கிக்குப் போனால், மாடிக்கு பிளான் அப்ரூவல் இல்லையென்று இன்ஜினியர் மதிப்பைக் குறைத்து எழுதிவிட்டார். கெடு முடிந்தது. அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்று விற்பவர், கோர்ட்டுக்குப் போவேன் என்று வாங்குபவர். எட்டு முறை இரண்டு பேர் வீட்டுக்கும் நடந்து மூன்று லட்சம் திரும்பக் கிடைக்கச் செய்தேன். கமிஷன் கிடையாது. நான் எதிராளி பக்கம் பேசியதாக இரண்டு பேருமே நம்புகிறார்கள். இன்றைக்கும் ஐந்து ரோட்டில் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஏற்காட்டையும் விட்டுவைக்கவில்லை. பெங்களூர் பார்ட்டி ஒருவர், காபித் தோட்டத்துக்குள் சின்ன வீடு, 'வியூ' இருக்க வேண்டும் என்றார். மலை நிலம் என்றால் ஹாகா எனும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி, அரசு நிபந்தனையோடு கொடுத்த பட்டாவா என்கிற விசாரணை என்று வேலை இரட்டிப்பு. அதையெல்லாம் முடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால் மூட்டம். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடிகூடப் பத்தடியில் மறைந்துவிட்டது. இன்னொரு முறை போனோம், மூட்டம். மூன்றாம் முறையும் மூட்டம். "இங்கே வியூ இருக்கிறதுக்கு டாக்குமென்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் அவர். திரும்புகிற வழியில் நல்ல மிளகு ஒரு கிலோ வாங்கிக்கொண்டார்.

வாடகை வீடு பிடித்துக் கொடுத்துத்தான் அந்த வருஷங்கள் ஓடின.

அம்மாபேட்டை வீட்டை 2019 தையில் பக்கத்து வீட்டுக்காரரே 48-க்கு வாங்கிக்கொண்டார். 60-லிருந்து அம்மாவை இறக்கியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கடைசியில் பெண்ணே, "இருக்கறதைக் குடும்மா, போதும்" என்று சொன்னதில் இறங்கினார். கிரயத்தன்று சாவி கொடுக்கப் போயிருந்தேன். மேஜைமேல் மூன்று டி.டி., ஒவ்வொன்றும் 16 லட்சம். நாலாவது இல்லை. பக்கத்து வீட்டுக்கு விற்க புரோக்கர் எதற்கு என்று பெரிய மகன் கேட்டார், கேட்டதில் தப்பில்லை. அம்மாதான் சுருக்குப் பையிலிருந்து 5,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். சாவியைப் புது வீட்டுக்காரரிடம் கொடுக்கும் முன், "இரு கண்ணு" என்று வாங்கி, நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்து அதே பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஆணியில் இப்போது ஒரு அப்பார்ட்மென்ட் சாவி தொங்குகிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. வந்து ஒன்றரை வருஷமாகிறது.