அக்கா கல்யாண டிவிடியும் ஆர்எஃப் 28-ம்

அம்மாவுக்கு டிவிடியும் "கேசட்"தான். "அந்தக் கல்யாணக் கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுடா, பூஞ்சை புடிச்சுறப் போகுது" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோ மேலிருந்த பையை இறக்கினேன். மொத்தம் 11 டிஸ்க். அக்காவின் கல்யாணம், வரவேற்பு, வளைகாப்பு. அதோடு, அப்பா அம்மா கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட்டை ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றி வாங்கிய இரண்டு டிஸ்க்.

ஒரு முழுப் படத்தை 700 எம்பி சிடிக்குள் அடைத்தால் கெட்டிக்காரன் என்று நினைத்த காலத்து ஆள் நான். வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைத் திறந்ததும் புத்தி ஃபைல் சைஸுக்குத்தான் போனது. ஆர்எஃப் என்ற தரக் குமிழை 28-க்குத் தள்ளினேன். சீக்கிரம் முடியட்டும் என்று ஃபில்டர்களையும் அணைத்தேன். வரவேற்பு டிஸ்க் 4.3 ஜிபி; வெளியே வந்தது 450 எம்பி. லேப்டாப்பில் சின்னதாக ஓட்டிப் பார்த்தேன், குறையொன்றும் தெரியவில்லை. ஹார்ட் டிஸ்கில் இறக்கியிருந்த மூலத்தை அழித்துவிட்டு அடுத்த டிஸ்கைப் போட்டேன்.

சாயங்காலம் பென்டிரைவை டிவியில் செருகினால் மானம் போயிற்று. அக்காவின் பட்டுப்புடவை ஜரிகை மஞ்சள் சேறாகக் கிடந்தது. பின்னணித் திரை கட்டம் கட்டமாக நெளிந்தது. யாராவது கையை வீசினால் விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல். "ஏன்டா, படம் நமுத்த அப்பளம் மாதிரி இருக்கு?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஆர்எஃப் என்பது, எவ்வளவு நுணுக்கத்தைத் தூக்கி எறியலாம் என்று, ஹேண்ட்பிரேக்குக்குள் சுருக்கும் வேலையைச் செய்யும் எக்ஸ்264-க்கு நாம் கொடுக்கும் அனுமதி. எண் ஏற ஏறத் தரம் இறங்கும். கிட்டத்தட்ட 6 ஏறினால் பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் டேட்டா, பாதியாகும். சைஸை நாம் சொல்வதில்லை. காட்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஐயர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒன்றும் செலவாகாது. கெட்டிமேளம் கொட்டி அட்சதை பறக்கும் அரை நிமிடம் எல்லாவற்றையும் விழுங்கும். (நம் ஸ்டூடியோக்காரர் நடுநடுவே பறக்கவிட்ட இதயங்களும் அப்படியே. பிட்ரேட் கணக்கில் அவை ஒவ்வொன்றும் ஓர் அட்சதை.)

டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை, முழு எச்டிக்கு 20 முதல் 24 வரை என்பது ஹேண்ட்பிரேக்கின் சொந்தப் பரிந்துரை. சின்னப் படத்துக்கு ஏன் கூடுதல் தரம் என்று முதலில் குழம்பினேன். டிவிடி படம் வெறும் 720-க்கு 576 பிக்சல். அதைப் பெரிய டிவி இழுத்துப் பெரிதாக்கும்போது பழுதும் சேர்ந்து பெரிதாகிறது.

முழு டிஸ்கையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ஹேண்ட்பிரேக்கில் இத்தனையாவது வினாடியிலிருந்து இத்தனையாவது வினாடி வரை என்று மட்டும் மாற்றலாம். தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை எடுத்து 24, 22, 20, 18, 16 என ஐந்து துண்டு செய்தேன். சோபாவில் உட்கார்ந்து பார்த்தபோது 24-க்கும் 20-க்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 20-க்கும் 18-க்கும் ஜரிகையில் மட்டும். 18-க்கும் 16-க்கும் சைஸில் மட்டும்தான். 18-இல் நின்றேன்.

சீப்புப் பல்லுக்கு ஆர்எஃப் காரணமே இல்லை. நம் ஊர் டிவி முறையான பிஏஎல் வீடியோவில் நொடிக்கு 25 ஃப்ரேம்; ஒவ்வொன்றும் இரண்டு அரைப் படங்களைப் பின்னி வைத்தது. பிரிக்காமல் சுருக்கினால் பல் படத்திலேயே பதிந்துவிடும். அப்படிப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் ஃபில்டரை, ஒவ்வொரு அரைப் படத்தையும் தனிப் படமாக்கும் 'பாப்' முறையில் வைத்தேன். நொடிக்கு 50 படமாக வந்து அசைவு வழுக்கிக்கொண்டு போனது.

விஎச்எஸ் டிஸ்குதான் பாடு படுத்தியது. அதே 18 போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 2.6 ஜிபி. கேசட்டின் புள்ளி இரைச்சலை எல்லாம் எக்ஸ்264 நுணுக்கம் என்று எண்ணிப் பத்திரப்படுத்துகிறது! இரைச்சல் நீக்கும் ஃபில்டரை லேசாக வைத்து 20-க்குப் போனதும் 1.4 ஜிபியில் அடங்கியது. கொஞ்சம் அழுத்தினால் பாட்டியின் முகச் சுருக்கமும் மறைந்துவிடுகிறது; லேசோடு விட்டுவிட்டேன். இன்னும் புதிய சுருக்க முறையான எச்265-ம் முயன்றேன். ஃபைல் சின்னதுதான், ஆனால் எங்கள் பழைய டிவி அதைத் திறக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து கணக்குப் போட்டால், பதினொரு டிஸ்கையும் சுருக்காமல் அப்படியே ஐஎஸ்ஓ என்ற முழு நகலாக வைத்தாலும் 50 ஜிபி வராது. என்னிடம் இருப்பது 1 டிபி ஹார்ட் டிஸ்க். இப்போது மூலம் ஒரு ஃபோல்டரில், பார்ப்பதற்கு எம்பி4 இன்னொன்றில்.

பத்து டிஸ்குக்கு மட்டும். வரவேற்பு டிஸ்கை மறுபடி போட்டபோது டிரைவ் கரகரவென்று சுற்றிவிட்டுக் கைவிரித்தது. மெத்துத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் பார்த்தேன். பழுதான டிஸ்கிலிருந்து டேட்டாவை மீட்கும் டிடிரெஸ்க்யூவை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். கடைசி இருபது நிமிடம் வரவே இல்லை. அந்த இருபது நிமிடத்துக்கு இப்போது கையிலிருப்பது, சீப்புப் பல்லோடு கூடிய 28-தான்.

ஸ்டூடியோவில் அப்போது மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு செட் கொடுத்திருந்தார்கள். அத்தானுக்குப் போன் செய்தேன். ஷோகேஸில் கிருஷ்ணர் பொம்மைக்குப் பின்னால் இருக்கிறதாம், பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறாராம். இப்போதே கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.