நெட்டு வந்தால் இடம் கிடைக்குமா?

"தம்பி, இங்க நெட்டு குடுத்துட்டா, அப்புறம் எங்களுக்கு மேட்டுல எடம் குடுக்க மாட்டாங்களா?"

கொள்ளிடத்து நடுவே இருக்கும் ஒரு திட்டு ஊரில், வெள்ளச் செய்தி வந்து சேர இணைய இணைப்பு கொடுப்பது பற்றிய கூட்டம். அதை அமைக்கப் போனவன் நான். அங்கே ஓர் அம்மா இப்படிக் கேட்டதற்கு நான் சொன்னது: "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா." சோலார் பேனலை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் மறுபடியும் பேனலுக்கே போய்விட்டேன். அவரும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

கொள்ளிடத்துத் திட்டு ஊர்களின் நிலைமை கடலூர்ப் பக்கம் யாருக்கும் தெரியும். மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரி நீர் திறந்தால், முக்கொம்பில் அது கொள்ளிடத்துக்குத் திரும்பும். கீழணையைத் தாண்டி வந்து திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் என்று வரிசையாக ஏறும். 2018 ஆகஸ்டில் ஏறியது, 2022 ஆகஸ்டிலும் ஏறியது. படகில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோவார்கள், வடிந்ததும் ஜனங்கள் திரும்பி வந்து வீட்டுச் சேற்றை வாருவார்கள். மேட்டில் மனை கொடுங்கள் என்று சிலர் கேட்பதும், கரையை உயர்த்திக் கட்டுங்கள் என்று சிலர் கேட்பதும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் சம்பந்தம் இல்லை என்றேன்.

அந்த இடத்தில் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. மனை கொடுப்பது வருவாய்த் துறை, நான் கொடுப்பது கம்பியில்லாமல் நெட் கொண்டுவரும் ஒரு ரேடியோ இணைப்பு. கரையிலிருந்து திட்டுக்கு மூன்று கிலோமீட்டர், உரிமம் வேண்டாத 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இரண்டு ஆண்டெனாவும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. அந்த நேர்க்கோட்டைச் சுற்றி, நடுவழியில் ஆறு மீட்டர் அளவுக்காவது தென்னை மட்டைகூடக் குறுக்கே வராத வெளி வேண்டும். வெள்ளத்தில் நீர்மட்டம் ஏறினால் அந்த வெளி குறையும், தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலையும் வேறு மாதிரி வந்து சேரும். ஆகவே கம்பத்தின் உயரத்தை வெள்ள மட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும். கரண்ட் முதலில் போகும் என்பதால் பேட்டரியும் உயரத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அரசாங்கம் நாளை என்ன முடிவெடுக்கும் என்று நான் எப்படிச் சொல்வது? "இருக்கலாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். வெள்ளச் செய்தி வேண்டும் என்று கேட்டு வந்தவர்களும் வெறுங்கையோடு போயிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பதிலை நான் நம்பித்தான் சொன்னேனா என்று யோசிக்கும்போது நிலைகொள்ளவில்லை. இந்த மாவட்டத்தில் ஒரு ஊருக்கு மின் இணைப்பு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று ஒவ்வொன்றாக வரும்போது, அந்த ஊர் அங்கேயே இருப்பதற்கான சாட்சியாகத்தான் அவை கோப்பில் ஏறுகின்றன. "பாலம் ஒன்றைத் தவிர அங்கே எல்லாம் இருக்கிறதே" என்று ஓர் அதிகாரி பேசியதை நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த வரிசையில் என் கம்பமும் சேரும். அந்த அம்மா கேட்டது அதைத்தான். படிப்பறிவு இல்லாதவர் என்று எங்கள் படிவத்தில் குறிக்கப்பட்ட ஒருவர், திட்ட அறிக்கை எழுதிய எங்களில் எவரும் யோசிக்காத இடத்துக்கு நேராக வந்துவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் நல்லவாடு கதையைச் சொல்வது என் வழக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இணையத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் செய்தியை நல்லவாடு மையத்து ஒலிபெருக்கி ஊருக்குச் சொல்ல, ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். இது உண்மை, இதைச் சொல்வதில் எனக்கு இப்போதும் பெருமைதான். ஆனால் அதே நாளில், இதே கடலோரத்தில், பிச்சாவரம் முகத்துவாரத்து எம்.ஜி.ஆர். திட்டில் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் கரைக்குக் குடிவந்தார்கள். அந்தக் கதையை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. தகவல் கொடுத்துக் காப்பாற்றியது ஒன்று, இடம் கொடுத்துக் காப்பாற்றியது இன்னொன்று. என் தொழிலுக்கு ஏற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு திட்டு ஜனங்களிடம் போயிருக்கிறேன்.

அந்த அம்மா சொன்னதுதான் ஊரின் குரல் என்றும் சொல்லிவிட முடியாது. அன்றைக்கே ஒரு பெரியவர், "எடம் குடுத்தா வாங்கிக்குவோம் சார். மூணு சென்ட்ல மாட்ட எங்க கட்டுறது?" என்றார். பயிர் இங்கே, மாடு இங்கே, ஆற்று மீன் இங்கே. இளைஞர்களுக்கு நெட் வேண்டும், மனையும் வேண்டும், சென்னையில் வேலையும் வேண்டும். இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று நான் முடிவு செய்ய முடியுமா? முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கம்பத்தை எங்கே நடுவது என்று முடிவு செய்தவன் நான்தானே.

நெட்டைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க நாங்கள் நடத்திய பயிற்சி வகுப்பிலும் இது வந்து நின்றது. போனில் பட்டா, சிட்டா பார்ப்பது எங்கள் பாடங்களில் ஒன்று. நிலம் உள்ளவர்கள் சர்வே எண்ணைப் போட்டதும் தங்கள் பெயர் வருவதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆற்றுப் புறம்போக்கில் வீடு கட்டியிருந்தவர்கள் பக்கத்திலிருந்தவரின் போனை எட்டிப் பார்த்தார்கள். அந்த வகைப் புறம்போக்குக்குப் பட்டா கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மனு அனுப்புவது எப்படி என்று அடுத்த வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தோம். மனை கேட்டுச் சிலர் மனு அனுப்பினார்கள், அந்த அம்மாவின் மகளும் அதில் ஒருத்தி. அப்படியானால் சம்பந்தம் இருந்ததுதான், ஆனால் அந்த அம்மா பயந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம். இதை நினைத்து ஆறுதலாகவும் இருக்கிறது. மனுவுக்குப் பதில் என்ன வருகிறது என்று பார்க்காமல் ஆறுதல் கொள்வது சரியா என்றும் இருக்கிறது.

இப்போது இன்னொரு திட்டுக்குத் திட்டம் கேட்டிருக்கிறார்கள். கருவிகளைக் கரையில் உள்ள முகாம் கட்டடத்திலேயே வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை. வெள்ளத்தில் ஜனங்கள் வந்து சேரும் இடம் அதுதான், இடம்பெயர்ந்தாலும் பயன்படும், யாரையும் திட்டோடு கட்டிப்போடாது. ஆனால் தண்ணீர் திறந்த செய்தி ராத்திரியில் வந்தால், அதைச் சொல்ல வேண்டிய ஒலிபெருக்கி திட்டில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குக் கம்பம் வேண்டும், கம்பத்துக்கு இணைப்பு வேண்டும். இந்த முறையும் திட்டிலேயே வைக்கலாம் என்றுதான் எழுதப்போகிறேன். மனை கேட்டு ஏற்கெனவே மனு கொடுத்திருக்கும் குடும்பங்களின் பட்டியலையும் இணைக்கப்போகிறேன். இந்தக் கருவி இங்கே இருப்பதை அவர்கள் கோரிக்கைக்கு மறுப்பாகக் கொள்ளக் கூடாது என்று ஒரு வரியும் சேர்க்கப்போகிறேன். அந்த வரியை வருவாய்த் துறையில் எவரும் படிப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.