செக் நோட்டீஸை வைத்துச் சட்ட ஆராய்ச்சி பழகுவது

பாராலீகல் (வக்கீலுக்குச் சட்ட உதவியாளர்) படிப்புகளில் சட்ட ஆராய்ச்சி ஒரு பாடம், சட்ட எழுத்து இன்னொரு பாடம். முன்னதில் தீர்ப்புத் தளங்களில் தேடக் கற்றுத்தருவார்கள். பின்னதில் நோட்டீஸ் மாதிரியைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். வக்கீல் ஆபீஸில் இரண்டும் ஒரே வேலைதான். எதை எழுதப் போகிறோம் என்று தெரியாதவர் தேட உட்கார்ந்தால் நாற்பது தீர்ப்புகளை டவுன்லோடு செய்துவிட்டு எழுந்திருப்பார், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துப் பழக காசோலை திரும்பிய வழக்கைவிட நல்ல பயிற்சி இல்லை: மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138, கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் பிரிவு. பிரிவு சின்னது, அதைச் சுற்றியுள்ள தீர்ப்புகளோ மலைபோல.

முதலில் திறக்க வேண்டியது சட்டத்தை, தீர்ப்பை அல்ல. அரசின் இந்தியா கோட் சட்டத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரிவின் முதல் பத்தியோடு நிறுத்தக் கூடாது, உயிர் அதன் கீழுள்ள வரம்புரையில் (நிபந்தனைகளைச் சொல்லும் பகுதி) தான் இருக்கிறது. காசோலையை அதன் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது அது செல்லுபடியாகும் காலத்துக்குள், எது முந்தியதோ அதற்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராமல் இருக்க வேண்டும். இதிலேயே இரண்டு பொறிகள் உண்டு. ஆறு மாதம் என்று படித்தவர் அதையே நம்பிவிடுவார். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2012 ஏப்ரல் 1 முதல் காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான், ஆகவே அதுதான் முந்தியது. இரண்டாவது, பழைய புத்தகங்களில் நோட்டீஸுக்கு 15 நாள் என்றிருக்கும். 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் 2003 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது அது 30 ஆனது. எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் எந்தச் சட்டப் புத்தகத்தையும் திறக்காதீர்கள்.

அடுத்து தேதிக் கணக்கு. இதை மனக்கணக்காகப் போடவே கூடாது, ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ரிட்டர்ன் மெமோ (காசோலை திரும்பியதாக வங்கி தரும் சீட்டு) மார்ச் 5 அன்று கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளை விட்டுவிட்டு 6-ஆம் தேதியை ஒன்று என்று எண்ணினால், முப்பதாவது நாள் ஏப்ரல் 4. அதற்குள் நோட்டீஸ் தபாலில் போயிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஏப்ரல் 8 அன்று வாங்கினால் அவருக்குள்ள 15 நாள் 23-ஆம் தேதி முடிகிறது. 24 அன்று வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. பிரிவு 142-இன்படி அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். வழக்குமூலம் பிறந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது எகான் ஆன்ட்ரி வழக்கின் முடிவு, (2014) 11 எஸ்.சி.சி. 769 (எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் இதழ்). ஆக மே 24 கடைசி நாள். தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழியிருக்கிறது. அவசரப்பட்டு ஏப்ரல் 20 அன்றே தாக்கல் செய்தால்? அந்தப் புகார் நிற்காது என்று யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது தேடல். மாணவர்கள் தவறாமல் சறுக்கும் இடம், வழக்கை எந்த ஊரில் போடுவது என்ற கேள்வி. இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தளத்தில் தேடினால் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கு கண்ணில் படாமல் போகாது: (2014) 9 எஸ்.சி.சி. 129, மூன்று நீதிபதிகள் அமர்வு. காசோலை கொடுத்தவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு என்கிறது. படிக்கப் படிக்கக் கச்சிதமாக இருக்கும், எடுத்து எழுதிவிடத் தோன்றும். ஆனால் 2015-இல் நாடாளுமன்றம் பிரிவு 142-ஐத் திருத்தி, பணம் பெறவேண்டியவர் தன் கணக்கின் வழியாகக் காசோலையைப் போட்டிருந்தால், அவர் கணக்கு வைத்திருக்கும் கிளையின் எல்லை என்று மாற்றிவிட்டது. அந்தத் தீர்ப்பை வேறொரு தீர்ப்பு வந்து ரத்து செய்யவில்லை, சட்டமே அதன் காலடியிலிருந்து நகர்ந்துவிட்டது. அதனால் பின்னால் வந்த தீர்ப்புகளை மட்டும் பார்ப்பவருக்கு இது சிக்காமல் போகலாம். இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. ஒருமுறை நோட்டீஸ் கொடுத்துவிட்டு வழக்குப் போடாமல் விட்டவர், அதே காசோலையை மறுபடி வங்கியில் போட்டு, அது திரும்பியதை வைத்து வழக்குத் தொடர முடியாது என்றது 1998-இன் சதானந்தன் பத்ரன் தீர்ப்பு. எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் எதிர் பழனியப்பன் வழக்கில், (2013) 1 எஸ்.சி.சி. 177, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை நேரடியாகவே ரத்து செய்தது. ஆக ஒவ்வொரு தீர்ப்புக்கும் இரண்டு சோதனை: இதற்குப் பின் வந்த தீர்ப்புகள் இதை என்ன செய்தன, இதற்குப் பின் அந்தப் பிரிவு மாறியதா.

மேற்கோள் எண்ணைப் படிப்பது எளிது. ஆண்டு, தொகுதி, இதழ், பக்கம். தீர்ப்பின் தலைப்பிலுள்ள சுருக்கக் குறிப்பு இதழ்க்காரர் எழுதியது, நீதிபதியின் வாக்கல்ல. அதிலிருந்து ஒரு வரிகூட மேற்கோள் காட்டாதீர்கள். உள்ளே போய்ப் பத்தி எண்ணோடு எடுங்கள். எடுக்கும் வரி நீதிபதி சொன்னதா, அல்லது ஒரு தரப்பு வக்கீலின் வாதத்தை அவர் எடுத்துச் சொல்கிறாரா என்று மேலும் கீழும் இரண்டு பத்தி பாருங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அந்த நீதிமன்றமே நடத்தும் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் காசில்லாமல் ஒப்பிடலாம். சாட்ஜிபிடி கொடுக்கும் வழக்குப் பெயரை அங்கே கண்ணால் பார்க்கும்வரை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 2023-இல் இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இத்தனையும் நோட்டீஸில் நாலு வரியாக வந்து இறங்க வேண்டும். மிக முக்கியமான வரி தொகை. காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் காசோலை ஒரு கோடிக்கு, நோட்டீஸில் கேட்டது இரண்டு கோடி. தட்டச்சுப் பிழை என்ற சமாதானத்தை 2025-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, நோட்டீஸே செல்லாது என்றது. பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி எழுதும் பழக்கம் இப்படித்தான் கொல்லும். வட்டியும் நோட்டீஸ் செலவும் கேட்கலாம், ஆனால் தனி வாக்கியத்தில். “காசோலைத் தொகையான ரூ.4,50,000-ஐ இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செலுத்தக் கோருகிறோம்” என்று முதலில் முற்றுப்புள்ளி வையுங்கள். “பாக்கி ரூ.5,12,000-ஐத் தரவும்” என்று மொத்தமாக எழுதினால் காசோலைத் தொகை எது என்றே தெரியாது, எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். காசோலை எண், தேதி, வங்கி, கிளை, மெமோவில் உள்ள காரணம் ஆகியவற்றைக் கட்சிக்காரர் சொன்னபடி எழுதாமல் தாள்களைப் பார்த்து எழுதுங்கள்.

காசோலை கம்பெனி பெயரில் இருந்தால் கம்பெனியையே எதிரியாகச் சேர்க்க வேண்டும் (அனீதா ஹாடா, 2012). இயக்குநர்மீது புகார் என்றால், குற்றம் நடந்த சமயத்தில் அவர் கம்பெனியின் அன்றாடப் பொறுப்பில் இருந்தார் என்ற வாக்கியம் புகாரில் இருந்தே ஆக வேண்டும்.

சீனியருக்குக் கொடுக்கும் ஆராய்ச்சிக் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கேள்வியில் சம்பவம் தெரிய வேண்டும். “நோட்டீஸ் சார்பு (எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பித்தல்) பற்றிய சட்டநிலை என்ன” என்பது கேள்வியே இல்லை. “சரியான முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் ‘வாங்கப்படவில்லை’ என்று திரும்பினால் கொடுத்ததாக ஆகுமா” என்று கேட்டால் பதிலும் ஒரு வரியில் வரும்: ஆகும் என்றே அனுமானிக்கலாம். பொது உட்பிரிவுகள் சட்டம் பிரிவு 27, சி.சி. அலவி ஹாஜி, (2007) 6 எஸ்.சி.சி. 555. பாதகமான தீர்ப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள். சீனியர் அதை எதிர்த்தரப்பு வாயிலிருந்து கேட்கக் கூடாது.

இந்த அனுமானம் நிற்பது தபால் தாள்களின் மேல். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டதால் இப்போது ட்ராக்கிங் பிரதிதான் பெரும்பாலும் ஆதாரம். அதை உடனே பிரின்ட் எடுங்கள், நாளானால் தளத்தில் இருக்காது. கூடவே பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் கீழ் மின்னணு ஆவணத்துக்கான சான்றும் வேண்டும். பழைய மாதிரிகளில் முந்தைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்றிருப்பதை மாற்றுங்கள். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வைத்து, 15 நாளை அது திரும்பிய தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.